மண்ணில் வைத்த போன்

அத்தியாயம் 11

விடிந்தால் இளவரசனுக்கு வருஷம்.

அவன் மனைவி செவ்வந்தி காலையிலேயே முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குப் பங்காளிகள் வருவார்கள், சாமைச் சோறு பொங்க வேண்டும். கை தன் பாட்டுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. மனசு மட்டும் முந்தாநாள் நடந்ததையே சுற்றிச் சுற்றி வந்தது.

முந்தாநாள் கொழுந்தன் மணிவேல் வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, வருஷத்தன்று கல்லின் மேல் தன்னால் கை வைக்க முடியாது, மூத்த பங்காளி சேட்டு மாமாவை வைத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஏன் என்று அவள் கேட்டபோது படலைத் தாண்டியிருந்தான்.

அவர்கள் வகையறாவில் அது சின்ன விஷயம் இல்லை. ஆள் போய் ஒரு வருஷம் ஆனதும், புதைத்த இடத்தில் தலைமாட்டுக் கல்லின் மேல் மகன் கை வைக்க வேண்டும். மகன் இல்லாவிட்டால் தம்பி. கை வைத்து, ‘உனக்கு உண்டானதெல்லாம் உங்கிட்ட சேத்துட்டோம், இனிமே வூட்டப் பாத்துக்க’ என்று பங்காளிகள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குக் கை நீளும்.

இளவரசனுக்கு ஒரே மகள். கூடப் பிறந்தவன் மணிவேல் ஒருவன்தான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன். அவனுக்கே அண்ணன் இப்படிக் கசந்து போவானா?

அந்த நினைப்பில் சாமை முறத்தைத் தாண்டித் தரையில் சிந்தியது.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் மகள் பிரியதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். ஜமுனாமரத்தூர் கடையில் இளவரசன் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அதே கம்ப்யூட்டர்தான். அதன் முன்னாலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் அவன் சாய்ந்தான். காரியம் முடிந்ததும் மணிவேல்தான் அதை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து இந்த மூலையில் வைத்தான். தன் மளிகைக் கடைக்கு இழுத்திருந்த இன்டர்நெட் லைனிலிருந்து ஒரு ஒயரைப் பிரித்து, பலாமரத்தின் மேலாகக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

கொடுத்தவன் ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தான். என் லைனில் யார் எதைப் பார்த்தாலும் என் கடையில் இருக்கிற லைன் பெட்டியில் தெரியும், பார்த்து நடந்துக்க பாப்பா என்று. போன வாரமும் அதையே சொல்லிவிட்டுப் போனான். பிரியாவின் முகம் அப்போது வெளுத்ததைச் செவ்வந்தி கவனித்தாள். பெண் கோயம்புத்தூரில் ஒரு நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பம் போடப் பார்க்கிறாள். சித்தப்பாவோ, பெண் பிள்ளை திருவண்ணாமலை தாண்டிப் படிக்கப் போகக் கூடாது என்கிற கட்சி.

செவ்வந்தி எழுந்து வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் பச்சை நிறத்தில் கேடயம் மாதிரி ஒரு படம்.

“இன்னாடி அது?”

கூடப் படித்த புவனா சொன்னாளாம். வி.பி.என். என்று பேர். இதைப் போட்டுக்கொண்டால் லைன் கொடுத்தவருக்குக்கூட நாம் பார்ப்பது தெரியாது. நாம் இருப்பது ஜவ்வாது மலையில். ஆனால் இதை அழுத்தினால் வெளியே இருக்கிறவர்களுக்கு நெதர்லாந்தில் இருக்கிற மாதிரி தெரியும். அந்த ஊர்க் கொடிகூட ஓரத்தில் இருந்தது. பிரியா தொட்டுக் காட்டினாள்.

“எவ்ளோடி இதுக்கு?”

“ஃப்ரீம்மா.”

“எவன்டி ஊரான் வூட்டுப் பொண்ணுக்கு ஃப்ரீயா காவல் காக்கறான்?”

“விளம்பரம் வரும்மா. அதுல சம்பாதிச்சிக்குவாங்க. நீ போய் சாமயப் பொடச்சி முடி.”

செவ்வந்தி போய்விட்டாள். ஏதோ கேட்க நினைத்தாள், என்ன என்று தெரியவில்லை. படித்த பெண்ணுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் பிரியா துணி துவைக்கக் கிணற்றுக்குப் போனாள். செவ்வந்தி அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

தினமும் அந்த நேரம் அவளுடையது. யாருக்கும் தெரியாது. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் மேல் கிடக்கும் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்காருவாள். அவளுக்குத் தெரிந்தது மூன்றே அழுத்தல். அவற்றை அழுத்தினால் இளவரசனின் மெயிலோடு சேர்ந்த படப்பெட்டி திறக்கும். அதில் அந்த வீடியோ. புதுப் போன் வாங்கிய அன்று எடுத்தது.

முதலில் பலாமரம் ஆடிக்கொண்டே வரும். அப்புறம் அவள் வருவாள், மாவுக் கையோடு. “செவ்வந்தி, இங்க பாரு” என்று அவன் குரல். “கையெல்லாம் மாவு, போய்யா அப்பால” என்பாள் அவள். அவன் சிரித்துவிட்டு இரண்டு முறை இருமுவான். அந்த இருமல் வரைக்கும் பார்ப்பாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, தரை தெரியும், முடிந்துவிடும்.

மெயிலின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவன் திறந்து வைத்துவிட்டுப் போன கதவு அது. திறந்தபடியே ஒரு வருஷமாக இருந்தது.

இன்றைக்கும் மூன்று முறை அழுத்தினாள்.

வெள்ளைத் திரை வந்தது. நடுவில் ஒரு கட்டம். கடவுச்சொல்லைத் தருக.

தவறாக எங்கோ அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். அதே வெள்ளை, அதே கட்டம். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போட்டாள். கொடி மட்டும் ஓரத்தில் அப்படியே இருந்தது.

பிரியா ஈரத் துணியோடு உள்ளே வந்தபோது அம்மா நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

“உங்கப்பாவக் காணோம்டி.”

பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தினமும் மத்தியானம் கதவு ஒருக்களித்திருப்பது எதற்கு என்று அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

மெல்ல மெல்லச் சொன்னாள். அந்த வி.பி.என். வந்து உட்கார்ந்ததும் ஒரு கேள்வி கேட்டதாம். இதுவரைக்கும் இந்தக் கம்ப்யூட்டரில் பார்த்ததன் தடயங்களைத் துடைத்துவிடவா என்று. சித்தப்பாவுக்குப் பழசும் தெரிய வேண்டாம் என்று ‘சரி’ கொடுத்துவிட்டாள். துடைத்ததில், அப்பா உள்ளே நுழைந்து வைத்திருந்த அடையாளமும் சேர்ந்து போயிருக்கிறது.

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நீ தினமும் பாக்கறேன்னு சொல்லியிருந்தா...”

“நான் சொல்லல. நீயும் சொல்லல” என்றாள் செவ்வந்தி. அதற்கு மேல் அவளுக்குத் திட்ட வரவில்லை. “சித்தப்பா பாக்கக் கூடாதுன்னு, ஊரு பேரு தெரியாதவன் கையில தொடப்பத்தக் குடுத்திருக்க. அவன் வூட்டையே கூட்டித் தள்ளிட்டான்.”

பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தெரிந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தாள். அம்மா பேர், தன் பேர், வண்டி நம்பர், கடைப் பேர். எதற்கும் திறக்கவில்லை. கடைசியில், மறந்துவிட்டது என்கிற இடத்தை அழுத்தினாள்.

திரை மாறியது. பிரியா வாய்விட்டுப் படித்தாள்.

“‘உங்கள் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம். போனைத் திறந்து, ஆம் என்று அழுத்துங்கள்.’”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தப் போன் மண்ணுக்குள் இருக்கிறது.

செவ்வந்திதான் வைத்து அனுப்பினாள். சாகும்போது ஒருவர் கையிலும் மேலிலும் எது இருந்ததோ அது அவரோடு போக வேண்டும். அது அவர்கள் வழக்கம். மாமனாருக்கு வெற்றிலைப் பையும் கொடுவாளும் போயின. இளவரசனிடம் கொடுவாள் ஏது? மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் இருக்கும் சின்னச் சீப்பு, ராத்திரி பகல் கையை விட்டு இறங்காத அந்தப் போன். மூன்றையும் அவனுடைய நீலத் துண்டில் வைத்து முடிந்தாள். முடிவதற்கு முன்னால் அவள் ஒன்று செய்தாள், அதை யாரும் பார்க்கவில்லை. போனுக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றினாள். போகிற இடத்தில் கரண்ட் இருக்குமோ இருக்காதோ என்று அந்த நேரத்துப் புத்தி நினைத்தது.

பெண்கள் ஓடை வரைக்கும்தான் போவார்கள். ஓடைக் கரையில் வைத்து மூட்டையை மணிவேலின் கையில் கொடுத்தாள். குழியில் இறங்கித் தலைமாட்டில் வைக்க வேண்டியவன் அவன்.

“அப்ப அவ்ளோதானாம்மா?” என்றாள் பிரியா.

இளவரசன் செத்த அன்றுகூட செவ்வந்திக்கு இப்படி இல்லை. அன்றைக்குச் சுற்றி ஆள் இருந்தது, அழ இடம் இருந்தது. இப்போது எதற்கென்று அழுவது? ஒரு குரல். இரண்டு இருமல். ஒரு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்புப் பற்றவைத்தாள், ஆட்டைக் கட்டினாள், மகளைப் பரீட்சைக்கு அனுப்பினாள்.

திரையை அணைக்கச் சொல்ல வாயெடுத்தாள்.

அணைப்பதற்குள் திரை தானாக மாறியது.

சிவப்பு எழுத்தில் ஒரு வரி. பிரியா படிக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டாள்.

“படிடி.”

“‘உங்கள் போனில், இல்லை என்று அழுத்தப்பட்டது’ன்னு வந்திருக்கும்மா.”

யாரோ அழுத்தியிருக்கிறார்கள். போன் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கிற போனை ஒரு விரல் தொட்டிருக்கிறது. செவ்வந்திக்குத் தெரிந்து அந்தப் போனுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கைதான். அந்தக் கை ஒரு வருஷமாக மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

“நம்பர வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்களா?” என்று கேட்டாள்.

பிரியா தலையை ஆட்டினாள். “இது நம்பருக்கு வர்றது இல்லம்மா. அந்தப் போனுக்கே வர்றது. அப்பாவோட போனேதான்.”

வெளியே ஆடு கத்தியது. பிரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் கை யாருடையதை இறுக்குகிறது என்று தெரியவில்லை. நாளைக்கு வருஷம் வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்கிறானா? எதை இல்லை என்கிறான்? வரக் கூடாது என்கிறானா? அவளைத் தெரியாது என்கிறானா? படித்த பெண் பக்கத்தில் இருக்க, பட்டப்பகலில், செவ்வந்தி அப்படியெல்லாம் நினைத்தாள்.

அப்போதுதான் பாறைப் பக்கத்துக் குறுக்கு வழியில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. வேலிப் படலைத் திறக்காமல் தாண்டிக் குதித்து வந்தான் மணிவேல். கடையிலிருந்து அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறான், காலில் செருப்பு இல்லை. இடுப்பில் கடைத் துண்டு. மூச்சு வாங்கியது.

“அண்ணி, அந்தக் கம்ப்யூட்டரப் புடுங்கி விடுங்க. ஒயரப் புடுங்குங்க மொதல்ல. எவனோ வெளிநாட்டுக்காரன் அது வழியா அண்ணன் மெயில்ல நொழயப் பாக்கறான். நெதர்லாந்துன்னு போட்டிருக்குது. நான் இல்லைன்னு அழுத்திட்டேன். விட்டா அண்ணனோட எல்லாத்தயும் அள்ளிக்கினு பூடுவான்.”

சொல்லி முடித்துவிட்டு மூச்சு விட நின்றான்.

யாரும் ஒயரைப் பிடுங்கப் போகவில்லை.

அவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிரியாவின் முகத்தைப் பார்த்தான். சொன்னதைத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவன் கை தானாகவே இடுப்புத் துண்டுக்குப் போனது, அங்கே இருக்கிற ஒன்றை மூடிக்கொள்கிற மாதிரி.

“எதுல அழுத்தினீங்க தம்பி?” என்றாள் செவ்வந்தி.

அவன் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“எடுங்க.”

துண்டின் மடிப்பிலிருந்து அதை எடுத்தான். ஓரம் தேய்ந்த கறுப்புப் போன். பின்பக்கம் பிரியா சின்ன வயசில் ஒட்டிய நட்சத்திரம் பாதி உரிந்து கிடந்தது. அதே போன்.

செவ்வந்தி வாங்கவில்லை. தொடக்கூட இல்லை. ஓடைக் கரையில் தன் கையால் கொடுத்தனுப்பிய பொருள், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அவன் உள்ளங்கையில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு வருஷமா அவரு வெறுங்கையோடவா கீறாரு?”

மணிவேல் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“கண்ணாடி வெச்சேன் அண்ணி. சீப்பு வெச்சேன். ரெண்டும் வெச்சேன். இத வெக்கறப்ப...” நிறுத்தினான். கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தான். “குழியில குனிஞ்சி வெக்கறேன், போன் அடிக்குது. எவனோ பட்டறக்காடு ஊரு ஆளு, சாதி சர்டிபிகேட் வந்துச்சான்னு கேக்க அடிக்கறான். அவனுக்கு இன்னா தெரியும். துண்டுக்குள்ள வெளிச்சம் போட்டுக்கினு அடிக்குது. அடிக்கிற போன் மேல மண்ணு தள்ள எனக்குக் கை வரல அண்ணி. நிறுத்திட்டு வெக்கலாம்னு வெளிய எடுத்தேன். எடுத்தது எடுத்ததுதான்.”

அதற்குச் சார்ஜ் ஏற்றியது செவ்வந்தி.

மணிவேல் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். சொல்லத் தொடங்கியவனுக்கு நிறுத்துகிற இடம் தெரியவில்லை. அன்று முதல் போனை அணையவே விடவில்லையாம். ரீசார்ஜ் முடிந்தால் போட்டுவிடுவானாம். ஆட்கள் கூப்பிடுவார்கள், பட்டா என்பார்கள், வருமானச் சான்றிதழ் என்பார்கள். அண்ணன் வெளியூர் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன் என்பானாம். ஒருத்தரிடமும் செத்துவிட்டார் என்று அவன் சொல்லவில்லை. அவன் சம்சாரம் காந்தாவுக்கே தெரியாது. கடையில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

“அதனாலதான் கல்லு மேல கை வெக்க மாட்டேன்னீங்களா?”

“எல்லாத்தயும் உங்கிட்ட சேத்துட்டோம்னு அவன் தலமாட்டுல நின்னு எப்படிப் பொய் சொல்வேன் அண்ணி?”

பிரியா ஓரடி முன்னால் வந்தாள். “வெளிநாட்டுக்காரன் இல்ல சித்தப்பா. நான்தான்.”

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கோயம்புத்தூர் காலேஜ், கடைப் பெட்டி, பச்சைக் கேடயம், கொடி, துடைத்தது. சொல்லும்போது சித்தப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தே சொன்னாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

மணிவேல் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“என் பெட்டியில ஒரு எழவும் தெரியாது பாப்பா. லைட்டு எரியும், லைட்டு அணையும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். உங்கப்பன் இல்லாத வூடு, புள்ள தப்பா எதுனா பாத்திடப் போவுதேன்னு சும்மா மெரட்டி வெச்சேன்.”

பிரியாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. இல்லாத காவலுக்குப் பயந்து அவள் இன்னொரு காவலைக் கூட்டி வந்தாள். அந்தக் காவலைத் திருடன் என்று நினைத்து இவன் விரட்டினான். நடுவில் அகப்பட்டது இளவரசன்.

செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை. “அத மறுபடியும் அனுப்பச் சொல்ல முடியுமாடி? அந்தக் கேள்விய?”

பிரியா சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். முதலில் கேடயத்தை அணைத்தாள். ஓரத்திலிருந்த கொடி போனது. பிறகு அதை அடியோடு கழற்றி எறிந்தாள். ‘நிச்சயமாகவா, பாதுகாப்பு இல்லாமல் போய்விடும்’ என்று அது போகும்போதும் மிரட்டிவிட்டுத்தான் போனது. மறுபடி அதே இடத்துக்குப் போய் அழுத்தினாள்.

மணிவேலின் கையில் போன் அதிர்ந்தது.

அவன் அதை அண்ணியிடம் நீட்டினான். இந்த முறை செவ்வந்தி வாங்கினாள். சூடாக இருந்தது, ஓடி வந்தவன் இடுப்புச் சூடு. திரையில் இளவரசன் பேர். கீழே கேள்வி. உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?

இரண்டு பட்டன்.

அவள் விரல் எழவில்லை. அவனுடைய பேருக்குக் கீழே அவள் எப்படி ‘நான்தான்’ என்று சொல்வாள்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மணிவேல் யோசிக்காமல் அழுத்தியிருக்கிறான், அண்ணன் இருந்தால் என்ன செய்வானோ அதைச் செய்திருக்கிறான். அவளுக்கு அது முடியவில்லை. அழுத்தாவிட்டால் கேள்வி அணைந்துவிடும். அப்புறம் அது திரும்ப வருமோ வராதோ.

“அம்மா, சீக்கிரம்” என்றாள் பிரியா.

செவ்வந்தி ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

வெள்ளைத் திரை விலகியது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து நிறைந்தன. பிரியாவுக்கு எதைத் தேடுவது என்று தெரியவில்லை. செவ்வந்தியே குனிந்து அந்த வீடியோவைத் திறந்தாள்.

பலாமரம் ஆடியது. “செவ்வந்தி, இங்க பாரு.”

நிலைப்படியில் இருந்த மணிவேல் எழுந்து நின்றுவிட்டான். ஒரு வருஷமாகப் போனை வைத்திருந்தவன்தான். ஆனால் போனில் இடம் போதவில்லை என்று அண்ணன் வீடியோக்களையெல்லாம் எப்போதோ மெயிலின் படப்பெட்டிக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்திருந்தான். அங்கே இருப்பதை எப்படி இறக்கிப் பார்ப்பது என்று இவனுக்குத் தெரியாது. அண்ணனின் குரலை அவன் செத்த பிறகு முதல் முறையாக இப்போதுதான் கேட்கிறான். இருமல் வந்தது. மணிவேல் முகத்தைக் கடைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

யாரும் யாரையும் தேற்றவில்லை.

மணிவேல் துண்டுக்குள்ளிருந்தே பேசினான். சாயங்காலமே போய்த் தலைமாட்டில் தோண்டி வைத்துவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம், நாளைக்குப் பொய் இல்லாமல் கல்லின் மேல் கை வைத்துவிடுகிறேன், அண்ணனுக்கு உண்டானது அண்ணனுக்கே போகட்டும் என்றான்.

பிரியா பதறினாள். போன் மண்ணுக்குப் போய்விட்டால், இன்னொரு நாள் இந்த மெயில் இப்படிக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. வேறு நம்பருக்கு மாற்றப் பழைய கடவுச்சொல் வேண்டும். அது இல்லை. படத்தையெல்லாம் இதில் இறக்கி வைத்தாலும், கரண்ட் ஏறி இறங்கி இந்தக் கம்ப்யூட்டர் போனாலே போதும், அப்பா மொத்தமாகப் போய்விடுவார் என்றாள்.

“வழக்கம்னு ஒண்ணு கீது பாப்பா.”

“வழக்கம் இருக்கும் சித்தப்பா. அப்பா குரல் போனா திரும்பி வருமா?”

இரண்டு பேரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள். போன் அவள் கையில் இருந்தது. கொடுத்தால் அவனுக்குச் சேர வேண்டியது சேரும், அவனுடைய குரல் ஒரு நாள் இல்லாமல் போகும். வைத்துக்கொண்டால் குரல் இருக்கும், அவன் குறையோடு கிடப்பான், கல்லின் மேல் யார் கை வைத்தாலும் அது பொய்க் கை.

செவ்வந்தி நிதானமாகப் போய், தன் போனுக்குப் போடும் சார்ஜரை எடுத்து வந்து அந்தப் போனில் செருகினாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், மேஜையின் நடுவில் வைத்தாள்.

“நாளைக்கு நீங்க கை வெக்க வேணாம் தம்பி. நான் வெக்கறேன், பொய் சொல்லாம.”

மணிவேல் துண்டை விட்டு முகத்தை எடுத்தான். “ஓடையத் தாண்டி பொம்பளைங்க வர்றது இல்லயே அண்ணி.”

“தெரியும்.”

“பங்காளிங்க விடுவாங்களா? அங்க வந்து இன்னான்னு சொல்வீங்க?”

சொல்ல வேண்டியது அவளிடம் இருந்ததா, இனிமேல்தான் தேட வேண்டுமா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. காலையில் சிந்திய சாமையைக் கூட்டி எடுக்கப் போவது போலக் குனிந்தாள். வேலிப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

சேட்டு மாமா. பங்காளிகளில் மூத்தவர். நாளைய காரியத்தைப் பேசி முடிவு பண்ண வருகிறார். வண்டியை நிறுத்திவிட்டு, இருமிக்கொண்டே படலைத் திறப்பது இங்கிருந்தே தெரிந்தது.

மணிவேல் தாவிப் போய் மேஜைக்கு முன்னால் நின்று மறைத்தான். பிரியா கம்ப்யூட்டர் மூடும் துண்டை எடுத்துப் போன் மேல் போட்டாள்.

செவ்வந்தி கொழுந்தனைக் கையால் ஒதுக்கி நிறுத்தினாள். துண்டை எடுத்து மடித்து மகளின் கையில் கொடுத்தாள். போன் மேஜை நடுவில், வாசலிலிருந்து பார்த்தாலே கண்ணில் படும்படி, வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது.

“வாங்க மாமா” என்றாள். “வெளிய நிக்க வேணாம், உள்ள வாங்க. உங்களாண்ட ஒண்ணு காட்டணும்.”